எதிர்காலக் குற்றமும் கண்காணிப்பும்: சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களை எங்கே தொடங்கி, எப்படிப் பார்ப்பது? முழுமையான வழிகாட்டி

ஓர் அரசு அலுவலகம். தொல்லை கொடுக்கும் பூச்சி ஒன்றை ஒரு குமாஸ்தா துரத்துகிறார். மேசைமேல் ஏறி நின்று, கூரையோடு சேர்த்து ஓங்கி அடிக்கிறார். செத்த பூச்சி, கீழே மளமளவென்று ஆணைகளை அடித்துத் தள்ளிக்கொண்டிருக்கும் அச்சு இயந்திரத்துக்குள் விழுகிறது. 'டட்டில்' என்று விழவேண்டிய பெயர் ஒரு தாளில் மட்டும் 'பட்டில்' என்று விழுகிறது. கிறிஸ்துமஸ் நெருங்கும் ஓர் இரவில், பட்டில் வீட்டுக் கூரையை வட்டமாக அறுத்துக்கொண்டு ஆயுதப் போலீஸ் இறங்குகிறது. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருக்க அவரைச் சாக்குமூட்டைபோலக் கட்டித் தூக்கிப் போகிறது. மனைவியிடம் ஓர் அதிகாரி தாளை நீட்டிக் கையெழுத்து கேட்கிறார். கணவரைப் பெற்றுக்கொண்டதற்கு ரசீது. அப்புறம் அந்த ரசீதுக்கு ஒரு ரசீது.

டெரி கில்லியம் 1985-இல் எடுத்த 'பிரேசில்' இப்படித்தான் தொடங்குகிறது. குற்றமும் கண்காணிப்பும் கலந்த எதிர்காலப் படங்களைப் பற்றி யாராவது கேட்டால் நான் இந்தக் காட்சியைத்தான் முதலில் சொல்வேன். இந்த வகைப் படங்களைப் பற்றிய பேச்சு பெரும்பாலும் கருவிகளிலேயே நின்றுவிடுகிறது. 'தொடுதிரையை அன்றே காட்டினார்கள், முகத்தை அடையாளம் காணும் கேமராவை அன்றே சொன்னார்கள்' என்று பட்டியல் போடுவார்கள். எனக்கு அந்தப் பட்டியல்களில் சலிப்பு தட்டி வெகுநாளாகிறது. இந்தப் படங்களில் கருவி வெறும் பொறி. கதை கிடப்பது அது தவறும் இடத்தில். எங்கே தவறியது, அது யாருக்குத் தெரியும், தெரிந்தவர் ஏன் வாயைத் திறக்கவில்லை, கடைசியில் யார் தலையில் விடிந்தது? இந்த நான்கு கேள்விகளோடு உட்கார்ந்தால் போதும். கீழே வரும் படிகள் எல்லாம் அதற்குத்தான்.

ஒரு எச்சரிக்கை. முடிவுகளைச் சொல்லாமல் இதை எழுத முடியாது. ஸ்பாய்லர் ஒவ்வாதவர்கள் இரண்டாம் படியில் சொல்லும் படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பி வாருங்கள்.

படி 1: எந்தப் பதிப்பு என்று பாருங்கள்

சின்ன வேலைதான், ஆனால் இதில் கோட்டைவிட்டால் வேறு படத்தைப் பார்த்துவிட்டு வருவீர்கள். 'பிரேசில்' படத்துக்கு 142 நிமிடப் பதிப்பும் உண்டு, இனிப்பான முடிவு வைத்து ஸ்டுடியோ வெட்டிய 94 நிமிடப் பதிப்பும் உண்டு. நீளமானதையே பாருங்கள். ரிட்லி ஸ்காட்டின் 'பிளேட் ரன்னர்' 1982-இல் திரைக்கு வந்தபோது நாயகன் குரலில் விளக்கவுரை ஒட்டப்பட்டிருந்தது. 1992-இல் வந்த டைரக்டர்ஸ் கட்டில் அதை நீக்கினார்கள். 2007-இல் வந்த ஃபைனல் கட்தான் இயக்குநர் முழுக் கட்டுப்பாட்டோடு செய்தது. முதல்முறை பார்ப்பவர்களுக்கு அதுவே போதும். ஜார்ஜ் லூகாஸின் 'டி.எச்.எக்ஸ். 1138' 1971-இல் வந்தது. 2004-இல் கணினி வரைகலை சேர்த்து மறுபடி வெளியிட்டார்கள். பழைய பதிப்பு கைக்குக் கிடைத்தால் அதன் வெறுமை இன்னும் நன்றாக இருக்கும் என்பது என் கட்சி.

படி 2: 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தில் தொடங்குங்கள்

பழையதிலிருந்து வரிசையாகப் பார்ப்பதுதான் முறை என்று சிலர் சொல்வார்கள். அப்படித் தொடங்கிய பலர் இரண்டாவது ஊமைப்படத்தோடு நிறுத்திவிடுகிறார்கள். ஸ்டீவன் ஸ்பீல்பெர்க் 2002-இல் எடுத்த இந்தப் படம் ஓடத் தொடங்கினால் நிற்காது. இந்த வகையின் எல்லாச் சிக்கலும் இதற்குள்ளேயே இருக்கிறது.

2054, வாஷிங்டன். மூன்று பேர் நீர்த்தொட்டிக்குள் மயக்கநிலையில் கிடந்து, நடக்கப்போகும் கொலைகளைக் காண்கிறார்கள். அவர்கள் கண்டதும் மரப்பந்துகள் உருண்டு வருகின்றன. சாகப்போகிறவர் பெயர் ஒன்றில், கொல்லப்போகிறவர் பெயர் இன்னொன்றில். திட்டமிட்ட கொலை என்றால் பழுப்புப் பந்து, ஆத்திரத்தில் செய்வது என்றால் சிவப்பு. போலீஸ் முந்திப் போய், இன்னும் எதையும் செய்யாதவரைக் கைது செய்கிறது. ஆறு ஆண்டுகளாக நகரத்தில் கொலையே இல்லை. ஒருநாள் தலைமை அதிகாரி ஜான் ஆண்டர்டனின் பெயரே பந்தில் வருகிறது.

முதல்முறை பார்க்கும்போது ஒரு காட்சியில் மட்டும் நிறுத்திக்கொள்ளுங்கள். தப்பியோடும் ஆண்டர்டன் ஒரு பழைய அடுக்குமாடிக் கட்டடத்தில் ஒளிந்திருக்கிறார். கண்மாற்று அறுவைச் சிகிச்சை செய்து கண்ணைக் கட்டியிருக்கிறார்கள். போலீஸ் சிலந்தி வடிவ ரோபோக்களை உள்ளே விடுகிறது. கேமரா கூரைக்கு மேலிருந்து, சுவர்களைத் தாண்டித் தாண்டி, ஒவ்வொரு வீடாக நகர்ந்து போகிறது. ஒரு வீட்டில் கணவன் மனைவி கைகலப்பு. சிலந்தி ஏறி வருகிறது. இருவரும் சண்டையை நிறுத்தி, கண்ணைத் திறந்து காட்டுகிறார்கள். அது போனதும் விட்ட இடத்திலிருந்து சண்டை தொடர்கிறது. வாயில் கதவைத் திறந்து பால்காரருக்குப் பணம் கொடுப்பதுபோல அவ்வளவு சாதாரணமாகக் கண்ணைக் கொடுக்கிறார்கள். வசனத்தில் இருவரும் அஞ்சுவதாகச் சொல்லவில்லை; பழகிவிட்டது என்பதை அந்த இடைவெளியே சொல்லிவிடுகிறது. இன்னொன்றையும் கவனியுங்கள். நாமும் மேலிருந்து, கூரையில்லாத வீடுகளுக்குள் பார்த்துக்கொண்டிருக்கிறோம். சிலந்திகளுக்குக்கூட அந்த வசதி இல்லை.

அப்புறம் ஐஸ் நிரப்பிய தொட்டிக்குள் ஆண்டர்டன் மூச்சடக்கிக் கிடக்கிறார். சிலந்திகள் திரும்பிப் போகும் நேரத்தில் மூக்கிலிருந்து ஒரே ஒரு குமிழ் மேலே வருகிறது. அந்த ஒரு குமிழுக்கு ஒரு சிலந்தி திரும்புகிறது. துப்பறியும் படத்தின் பழைய உத்திதான், ஆனால் குமிழை இவ்வளவு பெரிய ஒலியாக ஆக்கிய படத்தை நான் வேறு பார்த்ததில்லை.

'அன்றே சொன்ன படம்' என்று இதைப் புகழ்பவர்களிடம் சொல்ல ஒரு தகவல்: 1999-இல் ஸ்பீல்பெர்க் சான்டா மோனிகாவில் ஒரு ஓட்டலில் விஞ்ஞானிகள், நகரத் திட்டமிடுபவர்கள், எழுத்தாளர்கள் எனப் பலரைக் கூட்டி, 2054 எப்படி இருக்கும் என்று பேசவைத்தார். ஆய்வகங்களில் அப்போது நடந்துகொண்டிருந்ததைத்தான் அவர்கள் கொண்டுவந்தார்கள். கையை வீசிப் படங்களை நகர்த்தும் காட்சிக்குப் பின்னால் அமெரிக்காவின் எம்.ஐ.டி. பல்கலைக்கழகத்திலிருந்து வந்த ஆராய்ச்சியாளர் ஒருவர் இருந்தார். அது தீர்க்கதரிசனம் இல்லை, விசாரித்து எழுதியது.

படி 3: மூதாதையரை ஒருமுறை பார்த்துவிட்டு வாருங்கள்

இங்கே அதிக நேரம் வேண்டாம். ஃப்ரிட்ஸ் லாங்கின் 'மெட்ரோபோலிஸ்' (1927) படத்தில் நகரத்தின் அதிபதி சுவர்த்திரை வழியே கீழ்த்தளத்து மேற்பார்வையாளனை அழைக்கும் காட்சி. சாப்ளினின் 'மாடர்ன் டைம்ஸ்' (1936) படத்தில், கழிவறையில் ஒதுங்கிப் புகைக்கும் தொழிலாளியின் பின்னால் சுவர் முழுக்க முதலாளியின் முகம் தோன்றி வேலைக்குத் துரத்தும் காட்சி. பிறகு லாங்கின் கடைசிப் படமான 'டாக்டர் மபூஸேயின் ஆயிரம் கண்கள்' (1960). அதில் ஓட்டல் அறைகளில் ஒளித்து வைத்த கேமராக்கள் வருகின்றன. நாஜிகள் விருந்தினரை வேவு பார்க்கக் கட்டிய ஓட்டல் அது. அவர்கள் போனபின் ஒரு குற்றவாளியின் கைக்கு வந்திருக்கிறது. கட்டியவன் போய்விடுவான், கண் மட்டும் அடுத்தவனுக்குக் கைமாறும். இந்தக் கருத்தைப் பின்னால் வந்த பல பெரிய பட்ஜெட் படங்கள் எட்டவே இல்லை.

ஜார்ஜ் ஆர்வெல்லின் '1984' நாவலை மைக்கேல் ராட்ஃபோர்ட் 1984-இலேயே படமாக்கினார். ஜான் ஹர்ட் வின்ஸ்டனாக, ரிச்சர்ட் பர்ட்டன் தன் கடைசித் திரைப்பட வேடத்தில். நாவலை வாசித்தவர்கள் மட்டும் பார்த்தால் போதும்.

படி 4: பிழையைத் தேடுங்கள்

இதுதான் முக்கியமான படி. நோட்டுப் புத்தகத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பிழைகள் எல்லாம் ஒரே சாதி இல்லை என்பது இரண்டு மூன்று படங்களுக்குள் தெரிந்துவிடும்.

முதல் சாதி, இயந்திரம் தவறுவது. பால் வெர்ஹோவனின் 'ரோபோகாப்' (1987) படத்தில் ஒரு நிறுவனம் தன் புதிய காவல் ரோபோவை நிர்வாகக் குழுக் கூட்டத்தில் காட்டுகிறது. ஓர் இளம் அதிகாரி கையில் துப்பாக்கியைக் கொடுத்து, மிரட்டுவதுபோல் நடிக்கச் சொல்கிறார்கள். ரோபோ எச்சரிக்கிறது. அவர் துப்பாக்கியைக் கீழே போட்டுவிடுகிறார். அது விழுந்ததை ரோபோ கணக்கில் எடுக்கவே இல்லை. சல்லடையாகத் துளைத்துவிடுகிறது. பிறகு அந்த அறையில் நடக்கும் பேச்சைக் கேளுங்கள். செத்தவரைப் பற்றி அல்ல; இதனால் வரும் நஷ்டத்தைப் பற்றி.

இரண்டாவது சாதி, இயந்திரம் சரியாகச் சொல்லி, மனிதர் தப்பாகப் படிப்பது. ஆண்ட்ரூ நிக்கோலின் 'கட்டாக்கா' (1997) இதற்கு அருமையான உதாரணம். மரபணுதான் ஒருவரின் வேலையை முடிவு செய்யும் காலம். இதய நோய் வரும் என்று பிறந்தபோதே முத்திரை குத்தப்பட்ட வின்சென்ட், இன்னொருவரின் ரத்தத்தையும் சிறுநீரையும் இரவல் வாங்கி விண்வெளி நிறுவனத்தில் நுழைந்திருக்கிறான். அங்கே ஒரு கொலை நடக்கிறது. சம்பவ இடத்துக்கு அருகில் கிடைத்தது ஓர் இமைமுடி. ஆய்வு சொல்கிறது: இது வின்சென்டின் முடி. அது முழு உண்மை. ஆனால் கொலையாளி வேறு ஆள், அதுவும் நல்ல மரபணு கொண்ட உயரதிகாரி. முடி பொய் சொல்லவில்லை. முடியைப் பார்த்ததும் விசாரணை வேறு யாரையும் பார்க்க மறுத்துவிட்டது. படத்தின் பெயரே மரபணுவின் நான்கு எழுத்துகளால் (G, A, T, C) ஆனது, ஆனால் கதையோ அந்த நான்கு எழுத்துகளில் அடங்காத ஒருவனைப் பற்றியது.

மூன்றாவது சாதிதான் எனக்கு மிகவும் பயம் தருவது: பிழை தெரிந்திருந்தும், அமைப்பு கலைந்துவிடக் கூடாதே என்று மூடி மறைப்பது. 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தில், மூவரில் ஒருவர் சில சமயம் மற்ற இருவரிலிருந்து மாறிய காட்சியைக் காண்கிறார். அந்த மாற்றுக் காட்சி இருப்பதே வெளியில் யாருக்கும் தெரியாது. படம் இதோடு நிற்கவில்லை. கண்டதையே அந்த மூவரும் திரும்பத் திரும்பக் காண்பதுண்டு; அதை 'எதிரொலி' என்று சொல்லித் தொழில்நுட்பர்கள் அழித்துவிடுவார்கள். அது எதிரொலிதான் என்று எல்லோரும் நம்பும்படி, அதேபோன்ற இன்னொரு கொலையை ஒருவர் அரங்கேற்றினால்? துப்பறியும் கதையாக இது கச்சிதமான முடிச்சு. குற்றம் ஒளிந்திருப்பது கேமரா எட்டாத இடத்தில் இல்லை. கேமரா நன்றாகப் பார்த்து, அலுவலகம் 'இது வேண்டாம்' என்று தள்ளிய பதிவில்.

ஃபிலிப் கே. டிக் 1956-இல் எழுதிய மூலக்கதையையும் வாசிக்கலாம், நீளம் குறைவு. அங்கே கதாநாயகன் ஓடியாடும் வீரன் அல்ல. வழுக்கை விழுந்து தொப்பை போட்ட ஆணையர். முடிவும் தலைகீழ். படத்தில் அமைப்பு கலைக்கப்படுகிறது. கதையில், அமைப்பைக் காப்பாற்றுவதற்காகவே, முன்கூட்டிக் கணித்தபடி அவர் கொலையைச் செய்துவிடுகிறார். கதையின் முடிவு கசப்பானது, ஆனால் அதுதான் நேர்மையானது என்று நினைக்கிறேன். படத்தின் கடைசி ஐந்து நிமிடம் கொஞ்சம் அவசரமாகவே எல்லோருக்கும் நிம்மதி கொடுத்துவிடுகிறது.

படி 5: எது குற்றம் என்று எழுதிவைத்திருக்கிறார்கள்?

படம் தொடங்கிய பத்து நிமிடத்துக்குள் இதைக் கண்டுபிடிக்கப் பாருங்கள். 'பிளேட் ரன்னர்' படத்தில், 2019 நவம்பர் லாஸ் ஏஞ்சலிஸில், செயற்கை மனிதர் பூமியில் கால் வைப்பதே குற்றம். அவர்களைச் சுட்டால் அதற்குக் கொலை என்று பெயரில்லை, 'ஓய்வு கொடுத்தல்' என்று பெயர். மனிதரா இல்லையா என்று கண்ணைப் பார்த்துக் கேள்வி கேட்கும் சோதனைக்கு வழக்கமாக இருபது முப்பது கேள்வி போதும். ரேச்சல் என்ற செயற்கைப் பெண்ணுக்கு நூறைத் தாண்டுகிறது. அளவுகோல் எங்கே தேயத் தொடங்குகிறது என்பதை அந்த எண்ணிக்கையே காட்டிவிடுகிறது.

கோதாரின் 'அல்ஃபாவில்' (1965) படத்தில் அழுவது குற்றம். மனைவி இறந்தபோது அழுத குற்றத்துக்காக ஒருவரை நீச்சல் குளத்தின் ஓரத்தில் நிறுத்திச் சுடுகிறார்கள். 'ஏன்' என்ற சொல் புழக்கத்தில் இல்லை. செட் எதுவும் போடாமல், அன்றைய பாரிஸையே இரவில் படம்பிடித்து எதிர்கால நகரம் என்று சொல்லிவிட்டார் கோதார். மெதுவான படம். நான் முதல்முறை பாதியில் எழுந்துவிட்டேன், மறைக்க என்ன இருக்கிறது.

'டி.எச்.எக்ஸ். 1138' படத்தில் மயக்க மாத்திரை போடாமல் இருப்பது குற்றம். மருந்துப் பெட்டியைத் திறந்தால் என்ன பிரச்சினை என்று அதுவே கேட்கிறது. தப்பியோடும் நாயகனை உலோக முகம் கொண்ட ரோபோ போலீஸ் துரத்துகிறது. கை நீட்டினால் பிடித்துவிடலாம் என்ற தூரத்தில் உத்தரவு வருகிறது: இந்தத் துரத்தலுக்கு ஒதுக்கிய பணத்தைவிட ஆறு சதவீதம் அதிகமாகிவிட்டது, விட்டுவிட்டுத் திரும்புங்கள். அவன் சாமர்த்தியமும் தைரியமும் ஒன்றும் செய்யவில்லை. கணக்குப் பிள்ளைதான் விடுதலை வாங்கிக் கொடுக்கிறார்.

படி 6: திரைக்கு முன்னால் உட்கார்ந்திருப்பவரைப் பாருங்கள்

கண்காணிக்கப்படுபவர்மேல் நமக்கு இயல்பாகவே இரக்கம் வரும். கண்காணிப்பவரின் நாற்காலியையும் பாருங்கள். இதற்கு ஒரு படம் வகையை விட்டு வெளியே போய் எடுத்துக்கொள்வேன்: கொப்போலாவின் 'தி கான்வர்சேஷன்' (1974). எதிர்காலக் கதை இல்லை, ஆனால் இதைப் பார்க்காமல் மற்றவை முழுதாகப் பிடிபடாது. ஒட்டுக்கேட்பதே தொழிலாகக் கொண்ட ஹாரி கால், ஒரு ஜோடியின் பேச்சைப் பதிவு செய்து, இரைச்சலை நீக்கி நீக்கிக் கேட்கிறான். ஒவ்வொரு சொல்லும் தெளிவாகிவிடுகிறது. எந்தச் சொல்லில் அழுத்தம் என்பதில் மட்டும் ஏமாந்துவிடுகிறான், யார் யாரைக் கொல்லப்போகிறார்கள் என்பது அதனால் தலைகீழாகிவிடுகிறது.

அதன் அடுத்த கட்டம் ரிச்சர்ட் லிங்க்லேட்டரின் 'எ ஸ்கேனர் டார்க்லி' (2006). நடிகர்களைப் படம்பிடித்து அதன்மேல் ஓவியம் தீட்டிய படம். போதைப்பொருள் தடுப்பில் மாறுவேடப் போலீஸாக இருப்பவன், அலுவலகத்தில் முகமும் உருவமும் நொடிக்கு நொடி மாறும் உடை அணிந்துகொள்கிறான். மேலதிகாரிக்குக்கூட அவன் யாரென்று தெரியாது. அதனால் அவனுக்கே அவனைக் கண்காணிக்கும் வேலை ஒதுக்கப்படுகிறது. தன் வீட்டுப் பதிவைத் தானே ரிவைண்ட் செய்து பார்க்கிறான். போதை மூளையின் இரு பாதியையும் பிரித்துவிட, திரையில் இருப்பது யார் என்ற சந்தேகம் அவனுக்கே வந்துவிடுகிறது.

கேமரா மறுபக்கம் திரும்புவதைப் பார்க்க வேண்டுமானால் கேத்ரின் பிகலோவின் 'ஸ்ட்ரேஞ்ச் டேஸ்' (1995). ஒருவர் அனுபவித்ததை அப்படியே பதிவுசெய்து விற்கும் கள்ளச்சந்தை. அதில் போலீஸ் செய்த கொலை ஒன்றின் பதிவும் கைமாறுகிறது.

படி 7: நிஜத்தோடு ஒப்பிடுங்கள், ஆனால் கருவியை அல்ல

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். படத்தில் வந்த கருவி கடையில் வந்துவிட்டதா என்று பார்ப்பது வீண்வேலை. அதே பிழை நடந்திருக்கிறதா என்று பாருங்கள்.

2020 ஜனவரியில் டெட்ராய்ட் போலீஸ் ஒருவரை அவர் வீட்டு வாசலில், குடும்பத்தின் கண்முன்னே கைது செய்தது. கடைத் திருட்டு வீடியோவின் மங்கலான முகத்துக்கு முக அடையாள மென்பொருள் தவறாகப் பொருத்திக் காட்டிய ஆள் அவர். பூச்சி விழவில்லை, அவ்வளவுதான். 'ரோபோகாப்' கதை நடப்பதும் அதே டெட்ராய்ட் என்பது தற்செயல்.

சிகாகோ போலீஸ் சில ஆண்டுகள் ஒரு பட்டியல் வைத்திருந்தது. துப்பாக்கிச் சம்பவத்தில் சிக்கும் ஆபத்து யாருக்கு அதிகம் என்று கணினி மதிப்பெண் போடும். சுடுபவராகவும் இருக்கலாம், சுடப்படுபவராகவும் இருக்கலாம். இருவருக்கும் ஒரே பட்டியல். பின்னர் அதைக் கைவிட்டார்கள். ஸ்பீல்பெர்க்கின் படத்தில் குறைந்தபட்சம் இரண்டு பந்துகள் இருந்தன. எந்த வட்டாரத்தில் குற்றம் நடக்கும் என்று சொல்லும் மென்பொருளை லாஸ் ஏஞ்சலிஸ் போலீஸும் 2020-இல் நிறுத்தியது. இவ்வகை மென்பொருள்மேல் சொல்லப்படும் குறை எளிது: கணினி சொன்ன தெருவுக்கே ரோந்து அதிகம் போகும், அங்கே கைதும் அதிகமாகும், அந்தக் கைதுகள் மறுபடி கணினிக்குத் தீனியாகும். ஐரோப்பிய ஒன்றியத்தின் செயற்கை நுண்ணறிவுச் சட்டம், ஒருவரின் குணாதிசயக் கணிப்பை மட்டும் வைத்து அவர் குற்றம் செய்வார் என்று சொல்வதைத் தடைசெய்கிறது. 2025 பிப்ரவரியிலிருந்து அந்தத் தடை நடைமுறையில் இருக்கிறது.

படி 8: இரண்டாம் முறை

எல்லாப் படத்தையும் திரும்பப் பார்க்க வேண்டியதில்லை. இரண்டு போதும். 'மைனாரிட்டி ரிப்போர்ட்' படத்தில் 'எதிரொலி' என்ற சொல் முதன்முதலில் எவ்வளவு அசட்டையாக வந்து போகிறது என்று பாருங்கள். முதல்முறை அதைக் கேட்டதாகவே உங்களுக்கு நினைவிருக்காது.

அடுத்து 'பிரேசில்'. முதல்முறை அதன் குழாய்களையும் கனவுகளையும் பார்த்து அசந்துபோயிருப்பீர்கள். இம்முறை நாயகன் சாம், பட்டிலின் வீட்டுக்குக் காசோலையோடு போகும் காட்சிக்காகக் காத்திருங்கள். தவறான ஆளை விசாரித்துக் கொன்றுவிட்டார்கள்; விசாரணைச் செலவை வேறு அவர் கணக்கில் பிடித்துவிட்டார்கள். அந்தப் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், கணக்கு முடிய வேண்டும். சாம் கெட்டவன் இல்லை. மரியாதையாகப் பேசுகிறான், இவ்வளவு தூரம் நேரில் வந்து கொடுப்பதே பெரிய உபகாரம் என்று நம்புகிறான். அந்தப் பெண் காசோலையைப் பார்க்கவில்லை. அவர் உடலை என்ன செய்தீர்கள் என்று கேட்கிறாள். கூரையில் அன்று அறுத்த ஓட்டை அப்படியே இருக்கிறது. சாமின் கையில் இருப்பது, பணம் பெற்றுக்கொண்டதற்கு அவள் கையெழுத்துப் போடவேண்டிய தாள்.